பெட்ரோலையும் மின்சாரத்தையும் சேர்த்து வைத்த தகரக் கடைக்காரர் மகன்

பெட்ரோலாலும் ஓடும், மின்சாரத்தாலும் ஓடும் கார் இப்போது புதுமை என்று விற்பனையாகிறது. ஆளுயரம் நிற்கும் பெரிய கார்களுக்குக்கூட (எஸ்.யு.வி. என்கிறார்களே, அவைதான்) இந்த இரட்டை ஏற்பாடு வந்துவிட்டது. “ஹைபிரிட்” என்று பெயர்.

உண்மையில் இது 100 வருஷத்துக்கு மேல் பழைய சமாசாரம். 1900-ம் ஆண்டிலேயே இப்படி ஒரு கார் ஓடியிருக்கிறது. அதைச் செய்தவர் 25 வயது வாலிபர். என்ஜினீயரிங் பட்டம் பெறாதவர். தகர வேலை செய்பவரின் மகன்.

அவர் பெயர் பெர்டினாண்டு போர்ஷே.

போர்ஷே என்றதும் பணக்காரர்கள் ஓட்டும் பந்தயக் கார்தான் பலருக்கு நினைவு வரும். அந்தக் கார் அவருடைய கடைசிக் காலத்தில் அவர் மகன் செய்தது. தகப்பனாரின் கதை வேறு. அதில் பெருமையும் உண்டு. மறைக்க முடியாத கறையும் உண்டு.

வீட்டுக்குள் வந்த வெளிச்சம்

1875-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி போர்ஷே பிறந்தார். ஊர், பொஹீமியாவில் உள்ள மாபர்ஸ்டார்ப். அன்று அது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. இன்று செக் நாட்டில் இருக்கிறது.

தந்தை அண்டன் போர்ஷே தகரப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு வாரிசாக வேண்டிய மூத்த மகன் ஒரு விபத்தில் இறந்துபோனான். அந்தப் பொறுப்பு பெர்டினாண்டு தலையில் விழுந்தது.

பையனுக்கோ தகரத்தில் மனம் செல்லவில்லை. ஊரில் ஜின்ஸ்கி என்ற தரைவிரிப்பு ஆலை இருந்தது. அங்கே மின்சார விளக்கு எரிந்தது. அந்த விளக்குகளைப் பார்ப்பதற்காகவே அங்கே போய் நிற்பான். பகலில் தந்தையின் பட்டறை, இரவில் பக்கத்து நகரமான ரைஹன்பெர்க்கில் தொழிற்பள்ளி. தந்தைக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் மகன் விடவில்லை. 1893-ம் ஆண்டு, தன் வீட்டுக்கே மின்சார விளக்குப் போட்டுவிட்டான்!

அதற்குப் பிறகு தந்தை தடுக்கவில்லை. அதே ஆண்டில், 18 வயதில், பெர்டினாண்டு வியன்னா நகரத்துக்கு ரெயில் ஏறினார். அங்கே பேலா எக்கர் என்ற மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. வேலை நேரம் போக, வியன்னா தொழில்நுட்பக் கல்லூரிக்குள் நுழைந்து பாடம் கேட்பார். மாணவராகச் சேரவில்லை, சம்பளமும் கட்டவில்லை. சில வருஷங்களில் கம்பெனியின் சோதனைப் பகுதிக்குத் தலைவர் ஆனார்.

சக்கரத்துக்குள் மோட்டார்

வியன்னாவில் லோனர் என்பவர் பெரிய வண்டித் தொழிற்சாலை நடத்தி வந்தார். சக்கரவர்த்தியின் அரண்மனைக்குக் கோச்சு வண்டிகள் செய்து கொடுத்த ஸ்தாபனம் அது. குதிரை வண்டிக் காலம் முடியப்போகிறது என்று லோனருக்குத் தெரிந்துவிட்டது. மின்சார வண்டி செய்ய ஆள் தேடினார். போர்ஷே அகப்பட்டார்.

போர்ஷே செய்த காரியம் விசித்திரமானது. மோட்டாரை வண்டியின் நடுவில் வைக்காமல், முன் சக்கரங்களின் குடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். சங்கிலி இல்லை, பல்சக்கரம் இல்லை. மோட்டார் சுற்றினால் சக்கரம் சுற்றியது.

இந்த வண்டி 1900-ம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கூட்டம் கூடியது. போர்ஷே பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது.

ஆனால் வண்டியில் ஒரு பெரிய குறை. பாட்டரி ஈயத்தால் ஆனது. அதன் கனம் மட்டும் 410 கிலோ. அவ்வளவு கனத்தைச் சுமந்தும், ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 50 கிலோ மீட்டர்தான் போகலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹார்ட் என்பவர், நான்கு சக்கரத்திலும் மோட்டார் உள்ள வண்டி கேட்டார். அதற்கு வைத்த பாட்டரியின் கனம் 1,800 கிலோ! பாட்டரியை இழுப்பதற்கே வண்டி செய்ததுபோல ஆயிற்று.

என்றும் உயிருள்ளது

வழியில் சார்ஜ் ஏற்ற இடம் இல்லை. அப்படியானால் மின்சாரம் உண்டாக்கும் கருவியையே வண்டியில் ஏற்றிவிட்டால் என்ன?

போர்ஷே அதைத்தான் செய்தார். பிரான்சு நாட்டுக் கம்பெனியின் சிறிய பெட்ரோல் என்ஜின்கள் இரண்டை வண்டியில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெனரேட்டர். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. என்ஜின் மின்சாரம் உண்டாக்கும்; மின்சாரம் சக்கரத்தைச் சுற்றும்; மிஞ்சியது பாட்டரிக்குப் போகும். என்ஜினைக் கிளப்பக் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டியதும் இல்லை. ஜெனரேட்டரே அதைச் சுழற்றிக் கிளப்பிவிடும்.

வண்டிக்கு “செம்பர் விவுஸ்” என்று பெயர். லத்தீன் மொழியில் என்றும் உயிருள்ளது என்று பொருள். மணிக்கு 35 கிலோ மீட்டர் வேகம். சுமார் 200 கிலோ மீட்டர் போகும். 50 எங்கே, 200 எங்கே!

அடுத்து, பாட்டரியைக் குறைத்து, முன்புறம் ஒரே பெரிய என்ஜின் வைத்து, “மிக்ஸ்டே” என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1902-ம் ஆண்டு ராணுவப் பயிற்சியின்போது, அந்த வண்டியில் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டை வைத்து போர்ஷேயே ஓட்டினார். (12 ஆண்டுக்குப் பிறகு சரஜீவோவில் சுட்டுக்கொல்லப்பட்ட அதே இளவரசர்தான். அன்று அவர் ஏறியிருந்தது வேறு கம்பெனி கார்.)

இவ்வளவு இருந்தும் மிக்ஸ்டே நிலைக்கவில்லை. ஒரு வண்டிக்குள் இரண்டு வண்டிக்கான சாமான். விலை அதிகம், கனம் அதிகம். பழுது பார்க்க, பெட்ரோல் தெரிந்தவனும் வேண்டும், மின்சாரம் தெரிந்தவனும் வேண்டும். சாதாரண பெட்ரோல் காரோ வருஷத்துக்கு வருஷம் மலிவாகிக்கொண்டே போயிற்று. பெட்ரோல் ஜெயித்தது.

இன்றைய கணக்கு

அன்று மிக்ஸ்டே வாங்கியவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியைத்தான் இன்று ஹைபிரிட் வாங்குகிறவரும் கேட்கிறார். கொடுக்கும் கூடுதல் விலை திரும்பி வருமா?

இன்றைய ஹைபிரிட், போர்ஷே வண்டிக்கு இல்லாத ஒரு வித்தையைச் செய்கிறது. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிறது. வண்டி நின்றால் என்ஜினும் நின்றுவிடும். ஆகவே, நின்று நின்று போகும் நகரத் தெருவில்தான் இதற்கு லாபம் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு லாபம் குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் கொடுக்கும் பெரிய காருக்குப் பதிலாக, 20 கிலோ மீட்டர் கொடுக்கும் ஹைபிரிட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓட்டினால், 71 லிட்டருக்குப் பதில் 50 லிட்டர். மிச்சம் 21 லிட்டர். மாதம் 300 கிலோ மீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு சுமார் 6 லிட்டர்தான் மிஞ்சும். அவர் ஹைபிரிட் வாங்குவது ஆசைக்காக இருக்கலாம். சிக்கனத்துக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பராமரிப்பிலும் சில நுணுக்கங்கள் உண்டு. என்ஜின் பாதி நேரம் தூங்குகிறது என்று ஆயில் மாற்றாமல் இருக்கக்கூடாது. பிரேக் கட்டைகள் நீண்ட நாள் வரும். ஆனால் அதிகம் தேயாததாலேயே வட்டுகளில் துரு ஏறும். பல கார்களில் பெரிய பாட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் சீட்டுப் பக்கத்துத் துவாரம் வழியாகப் போகிறது. அங்கே மூட்டையை வைத்து அடைத்தால், அல்லது தூசி அடைய விட்டால், பாட்டரி சூடேறி ஆயுள் குறையும். இது தவிர 12 வோல்ட் பாட்டரி ஒன்றும் இருக்கிறது. வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் விட்டால், அந்தச் சின்ன பாட்டரி செத்து, இவ்வளவு பெரிய வண்டி அசையாமல் நிற்கும். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர் அழுத்த மின்சாரம். தெரு முனை மெக்கானிக்கை அதில் கைவைக்க விடக்கூடாது. வீட்டில் சார்ஜ் ஏற்றும் வகை ஹைபிரிட்டை வாங்கிவிட்டுச் சார்ஜே ஏற்றாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டரியைச் சும்மா சுமந்து திரிகிறார்கள். ஹார்ட்டின் 1,800 கிலோ கதைதான்!

புகழும் பட்டமும்

போர்ஷே 1906-ம் ஆண்டு ஆஸ்ட்ரோ-டைம்லர் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் ஆனார். 1910-ல், இளவரசர் ஹென்றி பெயரில் நடந்த கார் போட்டியில், தான் செய்த காரைத் தானே ஓட்டி முதல் பரிசு பெற்றார்.

முதல் உலக யுத்தம் வந்தது. பழைய யோசனை ராணுவ உருவத்தில் திரும்பி வந்தது. முன்னால் ஒரு வண்டியில் பெட்ரோல் என்ஜினும் ஜெனரேட்டரும். பின்னால் வரும் வண்டிகளின் சக்கரங்களில் மின்சார மோட்டார்கள். ராட்சத பீரங்கிகளை இந்தத் தொடர் வண்டிகள் மலைப்பாதையில் இழுத்துச் சென்றன. அந்த யுத்த காலத்தில்தான் வியன்னா தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எந்த வகுப்புகளில் திருட்டுத்தனமாக உட்கார்ந்தாரோ, அதே கல்லூரி!

1923-ல் ஜெர்மனிக்குப் போய் டைம்லர் கம்பெனியில் சேர்ந்தார். மெர்சிடிஸ் பந்தயக் கார்கள் புகழ் பெற்றன. ஆனால் போர்ஷே கோபக்காரர். மேலிடத்துடன் ஒத்துப்போகத் தெரியாதவர். அங்கிருந்தும் விலகினார். 1931-ல் ஸ்டட்கார்ட் நகரில் சொந்தமாக ஆபீஸ் திறந்தார். பந்தய வீரர் அடால்ப் ரோசன்பர்கர் பங்குதாரராகச் சேர்ந்து பண உதவி செய்தார். அவர் யூதர்.

ஹிட்லரின் நிழலில்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மக்களுக்கு மலிவான கார் வேண்டும் என்றார். விலை 1,000 மார்க்குக்குள். இரண்டு பெரியவர்களும் மூன்று குழந்தைகளும் உட்கார வேண்டும். 100 கிலோ மீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. அதாவது லிட்டருக்குச் சுமார் 14 கிலோ மீட்டர்.

பல ஆண்டுகளாக மலிவுக் கார் கனவு கண்டுவந்த போர்ஷே வேலையை ஏற்றுக்கொண்டார். ஜெர்மன் பிரஜை ஆனார். 1937-ல் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார்.

ரோசன்பர்கரின் பங்கை 1935-ல் ஆரம்ப விலைக்கே குடும்பத்தார் வாங்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு அவர் கைதாகிச் சித்திரவதை முகாமில் அடைக்கப்பட்டார். பிறகு நாட்டைவிட்டே போனார்.

990 மார்க் விலையுள்ள மக்கள் காருக்காக 3 லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் வாரம் 5 மார்க் வீதம் முத்திரை ஒட்டிச் சேமித்தார்கள். ஒருவருக்குக்கூட கார் கிடைக்கவில்லை. 1939-ல் யுத்தம் மூண்டு, தொழிற்சாலை ராணுவ வேலைக்குப் போயிற்று. போர்ஷேயும் அவருடைய மருமகன் பியஹும் நிர்வகித்த அந்தத் தொழிற்சாலையில், யுத்தக் கைதிகளும் முகாம் கைதிகளும் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டார்கள். போலந்து, ரஷிய நாட்டுப் பெண் தொழிலாளிகளின் கைக்குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கம்பெனி நடத்திய விடுதியில் நூற்றுக்கணக்கில் இறந்தன. போர்ஷே அரசியல் தெரியாத வெறும் என்ஜினீயர் என்று சிலர் எழுதுகிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அதை ஏற்க முடியவில்லை.

டாங்கியிலும் தன் பெட்ரோல்-மின்சார யோசனையை விடவில்லை. டைகர் டாங்கிப் போட்டியில் அவருடைய டாங்கி தோற்றது. தனக்குத்தான் ஆர்டர் என்று நம்பி, முன்கூட்டியே 90-க்கும் அதிகமான டாங்கி அடிச்சட்டங்களைச் செய்துவிட்டிருந்தார்! அவற்றை டாங்கி எதிர்ப்புப் பீரங்கி வண்டிகளாக மாற்றி, அவர் பெயரையே வைத்து “பெர்டினாண்ட்” என்று 1943-ல் குர்ஸ்க் போர்முனைக்கு அனுப்பினார்கள். கண்ணி வெடியிலும் கோளாறிலும் பல வண்டிகள் நின்றுபோயின.

சிறையும் முடிவும்

1945 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். அப்போது வயது 70. சுமார் 20 மாதம் சிறைவாசம். 1947 ஆகஸ்டில் ஜாமீனில் வெளியே வந்தபோது உடல் தளர்ந்திருந்தது. அதற்குள் மகன் பெர்ரி ஆஸ்திரியாவில் ஒரு மர ஆலைக் கொட்டகையில் தொழிலை மறுபடி தொடங்கிவிட்டார். 1948-ல் போர்ஷே பெயர் தாங்கிய முதல் கார் அங்கிருந்து வெளிவந்தது.

1950 நவம்பரில் பெரியவர் மக்கள் கார் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தார். “வண்டுக் கார்” ஆயிரக்கணக்கில் உருண்டு வந்துகொண்டிருந்தது. (2003-ல் மெக்சிகோவில் உற்பத்தி நிற்பதற்குள் 2 கோடியே 15 லட்சம் வண்டிகள் செய்தாகிவிட்டது.) சில நாட்களில் பக்கவாதம் தாக்கியது. 1951-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, 75-வது வயதில் இறந்தார்.

பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த கார் 1997-ல் ஜப்பானில், டொயோட்டா பிரியஸ் என்ற பெயரில், பெருவாரியான விற்பனைக்கு வந்தது. 2010-ல் போர்ஷே கம்பெனியும் தன் கயன் எஸ்.யு.வி.யில் ஹைபிரிட் வைத்தது. அதன் மின்சார மோட்டார் 47 குதிரை சக்தி. 1900-ம் வருஷத்து வண்டியில், சக்கரத்துக்கு 2½ வீதம், இரண்டுக்கும் சேர்த்து 5.

பழைய படங்களையும் வரைபடங்களையும் வைத்து அந்த வண்டியையும் புதிதாக ஒன்று செய்து, 2011-ல் ஜெனீவா கார் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். வெறும் பொம்மை அல்ல. பெட்ரோல் ஊற்றினால் ஓடுகிறது.