நீருக்குள் நீரோட்டம் கண்ட ரம்போர்டு பிரபு

உலை கொதிக்கும்பொழுது பானைக்குள் அரிசி மேலெழுவதும் கீழிறங்குவதுமாக இருப்பதை நம் வீட்டு அடுப்படியில் எல்லாரும் கண்டிருக்கிறோம். அந்த ஓட்டத்தின் காரணத்தை ஆராய்ந்து விளக்கியவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் தாம்சன் ஆவார். பின்னாளில் ரம்போர்டு பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே.

இவர் 1753ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள், அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பகுதியில், வூபர்ன் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். 13ஆம் வயதில் சேலம் நகரத்து வணிகர் ஒருவரிடம் வேலைக்கு அமர்ந்தார் (இது தமிழகத்துச் சேலமன்று). பின்னர் ஹார்வர்டு கல்லூரியில் நடைபெற்ற அறிவியல் விரிவுரைகளைக் கேட்க, நண்பரோடு பல கல் தொலைவு நடந்தே சென்று வந்தார்.

1775இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. தாம்சன் ஆங்கில அரசின் பக்கம் நின்று, மறைவாகச் செய்திகளும் அனுப்பினார். 1776இல் மனைவியையும் சிறு மகளையும் விட்டுவிட்டு இலண்டனுக்குச் சென்றார். மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. எத்துணைப் பெரிய அறிஞராயினும் இச்செயலை நம்மால் பாராட்ட இயலாது.

1784இல், இன்று ஜெர்மனியின் ஒரு பகுதியாக உள்ள பவேரியா நாட்டின் அரசுப் பணியை ஏற்றார். அதன் தலைநகரமான மியூனிக்கில் இரவலர்கள் நிறைந்திருந்தனர். 1790ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அவர்களைத் திரட்டி, தொழிற்கூடத்தில் படைவீரர்களின் உடைகளைத் தயாரிக்கும் வேலை கொடுத்தார். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு சேர்த்த மலிவான கஞ்சி அவர்களுக்கு உணவாயிற்று. பலருக்குக் கஞ்சி காய்ச்ச விறகு மிகுதியாகச் செலவாகுமன்றோ? வெப்பத்தை வீணாக்காத அடுப்பை அமைப்பதில் அவர் கருத்துச் சென்றது.

இந்நிலையில்தான் அந்த அரிய காட்சி அவர் கண்ணிற்பட்டது. சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றைச் சூடேற்றி, ஆறட்டும் என்று சன்னலருகே வைத்திருந்தார். கண்ணாடிக் குழாயின்மேல் வெயில் விழுந்தது. உள்ளே கலந்திருந்த நுண்ணிய தூசிகள் நடுவில் மேலேறியும் ஓரங்களில் கீழிறங்கியும் விரைந்தோடுவதைக் கண்டு வியந்தார்.

காரணம் இதுதான். நீர்மம் சூடேறினால் விரிவடைகிறது. விரிந்தபின் ஒரு குவளைச் சூடான நீர், ஒரு குவளைக் குளிர்ந்த நீரைவிட எடை குறைந்துவிடும். அதாவது அடர்த்தி குறைகிறது. அடர்த்தி மிக்க குளிர்ந்த பகுதி கீழே இறங்கி, சூடான பகுதியை மேலே தள்ளுகிறது. அவ்வெப்பமானியில் காற்றுபட்டு ஆறிய ஓரப்பகுதி இறங்க, நடுப்பகுதி ஏறியது. ஆம்பர் என்னும் பிசின்கல்லைப் பொடித்து, அதே அடர்த்தியுள்ள உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, இவ்வோட்டத்தை மீண்டும் மீண்டும் சோதித்தார். 1797இல் கட்டுரையாக வெளியிட்டார்.

வேகவைத்த ஆப்பிள் நெடுநேரம் ஆறாமல் வாயைச் சுடுவதன் காரணமும் இதனால் விளங்கியது. அதன் நார்கள் உள்ளிருக்கும் நீரை ஓடவிடாமல் தடுக்கின்றன. கெட்டியான கஞ்சி அடிபிடிப்பதும் இத்தகையதே. தாய்மார்கள் கரண்டியால் கிளறுவது அவ்வோட்டத்திற்குப் பதிலாகத்தான்!

காற்றுக்கும் இவ்விதி பொருந்தும். இலண்டன் வீடுகளில் குளிர்காயும் கணப்பு அடுப்புகள் அறைகளைப் புகையால் நிரப்பின. ரம்போர்டு அடுப்பைச் சிறிதாக்கி, புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கினார். சூடான புகை தங்குதடையின்றி மேலேறியது. அறையும் முன்னிலும் வெதுவெதுப்பாயிற்று. ஆயினும் ஒரு தவறும் செய்தார். நீர்மங்கள் ஓட்டத்தினால் மட்டுமே வெப்பத்தைப் பரப்பும், கடத்தவே மாட்டா என்று அடித்துக் கூறினார். அவை சிறிதளவு கடத்தவும் செய்யும் என்பதைப் பின்வந்தோர் மெய்ப்பித்தனர்.

1799இல் இலண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையம் தோன்ற முன்னின்றார். இளைஞரான ஹம்பிரி டேவி அங்கு 1801இல் பணியேற்றார். வெப்பம், ஒளி பற்றிய ஆய்வுகளுக்குப் பரிசளிக்க இலண்டன் ராயல் கழகத்திற்குப் பொருளும் அளித்தார். அப்பதக்கத்தை 1802இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே!

புகழ்பெற்ற வேதியியலார் லவாய்சியரின் கைம்பெண்ணைப் பாரிசில் மணந்தார். அவ்வாழ்வும் நிலைக்கவில்லை. 1814ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள், பாரிசை அடுத்த ஓத்தேய் என்னுமிடத்தில் காலமானார். தாம் கண்ட ஓட்டத்திற்கு இன்று பாடநூல்களில் உள்ள வெப்பச்சலனம் என்னும் பொருள்தரும் பெயரை அவர் அறியார். அதனை 1834இல் வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில மருத்துவரே சூட்டினார்.