ஐந்து கட்டையில் அடங்கிய தந்தி
குடியானவர் மகன் செய்த அதிசயம்

அந்த வாலிபர் படித்தது ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு சரி. உடம்போ அடிக்கடி படுத்தும். ஆனாலும் தந்தி உலகத்தையே அவர் மாற்றிவிட்டார்!

அவர் பெயர் எமில் போடோ.

பிரான்சு நாட்டில் ஒரு சிறு கிராமத்தில், 1845-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனாருக்கு விவசாயம். மகனும் வயலில் பாடுபட்டார். 1869-ல் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஒரு கம்பியில் ஒரு தந்தி போய் முடிந்த பிறகே அடுத்த தந்தி போகும். கம்பி சும்மா கிடக்கும் நேரமே அதிகம். ஒரே கம்பியில் பல பேர் முறை வைத்துத் தந்தி அனுப்பினால் என்ன? போடோ யோசித்தார். ஆராய்ச்சிக்குத் தனி நேரம் கிடையாது. வேலை முடிந்த பிறகு, சொந்த நேரத்தில்தான் பாடுபட்டார்.

1874-ல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

எழுத்தா? எண்ணா?

போடோவின் தந்தி முறையில் ஐந்தே கட்டைகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. ஐந்தையும் மாற்றி மாற்றி அழுத்தினால் 32 விதம் வரும். அதற்கு மேல் வராது.

எழுத்துகளே 26. எண்கள் பத்து. புள்ளி, கேள்விக்குறி வேறு. 32-க்குள் இவ்வளவும் அடங்குமா?

போடோ அடக்கிக் காட்டினார்! இரண்டு விதங்களைத் தனியாக ஒதுக்கினார். ஒன்றை அழுத்தினால், இனி வருவதெல்லாம் எண் என்று அர்த்தம். மற்றதை அழுத்தினால், இனி எழுத்து என்று அர்த்தம். அழுத்துவது ஒன்றுதான், படிப்பது இரண்டு விதம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்த அடையாளம் வழியில் தவறிவிட்டால், தந்தியில் வந்த பணத்தொகை வெறும் எழுத்தாகிவிடும்!

கம்ப்யூட்டரிலும் இதே கதை

இன்று கம்ப்யூட்டருக்குக் கட்டளையை எழுத்தால் தட்டச்சு செய்கிறவர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி, அங்கே இரண்டு பெயர்களைப் பிரிக்கும் அடையாளம்.

‘கணக்கு பழசு’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. ‘கணக்கு’ என்று இன்னொரு கோப்பும் இருக்கிறது. பழசை அழிக்க நினைத்து, பெயரை அப்படியே தட்டினால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். பழசு அப்படியே இருக்கும். நல்ல கணக்கு அழிந்துபோகும்!

தப்ப வழி என்ன? பெயர் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். அல்லது சில கம்ப்யூட்டர்களில் இடைவெளிக்கு முன்னால், இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று போடலாம். இது பெயரில் சேர்ந்தது, பிரிக்காதே என்று அந்தக் குறி சொல்லிவிடும். அடுத்து வருவதை எப்படிப் படிப்பது என்று முன்கூட்டியே சொல்லும் குறி. போடோ செய்ததும் அதுதான்.

பேர் நிலைத்தது

1878-ல் பாரிஸ் பொருட்காட்சியில் போடோவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. குடும்ப வாழ்வில் சுகம் நிலைக்கவில்லை. 1890 ஜனவரியில் கல்யாணம். ஏப்ரலில் மனைவி இறந்துபோனார். 1903-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, 57-வது வயதில் போடோவும் கண்ணை மூடினார்.

கம்பியில் குறிகள் போகும் வேகத்தை அளக்கும் அளவுக்கு ‘பாட்’ என்று பெயர். போடோவின் பெயரைச் சுருக்கி வைத்தது அது!