உலோகக் கால்களும் உயர்ந்த வானமும்

வீரர் வரலாறு என்றாலே பிறர் இழைத்த கொடுமையை எதிர்த்து நின்ற கதையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நான் எழுத எடுத்துக்கொண்ட ஆங்கிலேய விமானி டக்ளஸ் பேடரோ தம் இரு கால்களையும் தம் தவற்றாலேயே இழந்தவர். அதனாலேயே அவரைப் பற்றி எழுத விழைந்தேன்.

1910 பிப்ரவரி 21-இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் இந்தியாவில் பொறியாளராகப் பணியாற்றியவர். முதல் உலகப் போரில் பட்ட காயங்களின் விளைவாக 1922-இல் பிரான்சு நாட்டுச் செயின்ட் ஓமரில் மாண்டார். (இவ்வூர்ப் பெயரை நினைவில் வையுங்கள்.) மகன் உதவித்தொகை பெற்றுப் படித்து, 1928-இல் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் சேர்ந்தார்; 1930-இல் 23-ஆம் விமான அணியில் அதிகாரியானார். ரக்பி ஆட்டத்திலும் பெயர் பெற்றார்.

1931 டிசம்பர் 14. ரெடிங் நகரையடுத்த உட்லி விமானத்தளம். தாழப் பறந்து வித்தை காட்டுவதற்குத் தடை இருந்தது. அங்கிருந்தோர் சிலர் சீண்டவே, பேடர் தம் புல்டாக் விமானத்தில் ஏறினார். (சீண்டலுக்கு மயங்குவது மாணவர்களாகிய நமக்கும் புதிதன்று!) தரையை ஒட்டிப் பறந்தபடியே விமானத்தைப் பக்கவாட்டில் சுழற்றினார். அவ்வாறு சுழலும்போது இறக்கைகள் தரும் தூக்குவிசை எடையைத் தாங்க உதவாது, விமானம் கீழிறங்கும். உயரத்தில் அது பொருட்டன்று. அங்கோ உயரமே இல்லை. இறக்கை நுனி தரையில் உரச, விமானம் நொறுங்கியது. ராயல் பெர்க்ஷயர் மருத்துவமனையில் லியனார்டு ஜாய்ஸ் என்ற அறுவை மருத்துவர் வலக்காலை முழங்காலுக்கு மேலும், பின்னர் இடக்காலை அதற்குக் கீழும் எடுத்து உயிரைக் காப்பாற்றினார். பேடர் பின்னாளில் தம் பறத்தல் குறிப்பேட்டில் அந்நாளுக்கு எதிரே பதித்தது ஓரிரு வரிகளே. அதில் பழி எவர்மீதும் இல்லை.

ரோகாம்ப்டனில் உலோகக் கால்கள் பொருத்தப்பட்டன. ஊன்றுகோல் வேண்டவே வேண்டாம் என்று மறுத்து, விழுந்து விழுந்து நடை பழகினார். மீண்டும் பறந்தும் காட்டினார். ஆயினும் விதிகளில் இடமில்லை என்று 1933-இல் விமானப்படை அவரை வெளியே அனுப்பியது. எண்ணெய்க் குழுமம் ஒன்றில் மேசை வேலை கிடைத்தது.

1939-இல் போர் மூண்டதும் கதவு திறந்தது. ஹார்வர்டு பயிற்சி விமானத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும். பேடருக்குக் கணுக்காலே இல்லை! ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களிலோ பிரேக் கைப்பிடியில் இருந்ததால் தப்பித்தார்.

1940-இல் மற்றொரு விபத்து. அதுவும் அவர் தவறே. ஸ்பிட்ஃபயரின் சுழல்விசிறிக்கு இரண்டு நிலைகள் உண்டு. கிளம்பும்போது ஒன்று, விரைந்து பறக்க மற்றொன்று. மாற்ற மறந்து கிளம்பினார். மேட்டில் நிற்கும் லாரியை டாப் கியரில் கிளப்பினாற்போல வேகம் கூடவில்லை. ஓடுபாதையைத் தாண்டி ஓடி விமானம் மோதி உடைந்தது. உலோகக் கால்கள் வளைந்தன. சொந்தக் கால்களாயின் முறிந்திருக்கும். நடந்ததை மேலதிகாரியிடம் மறைக்கவில்லை. அதற்குப் பின்பும் அவருக்குப் பதவி உயர்வே கிடைத்தது.

பிரிட்டன் வான்போரில் 242-ஆம் அணிக்குத் தலைமை தாங்கினார். பல அணிகளை ஒன்றுதிரட்டித் தாக்கவேண்டும் என்று வாதாடினார். திரள்வதற்குள் பகைவர் குண்டு வீசிவிடுவர் என்றனர் எதிர்த்தோர். எனக்கும் இதில் பேடர் பிடிவாதம் மிகை என்றே படுகிறது.

1941 ஆகஸ்டு 9-இல் பிரான்சின் மேல் அவர் விமானம் சிதைந்தது. பகை விமானம் மோதியதாக அவர் நம்பினார். சுடப்பட்டது என்பார் ஆய்வாளர். வெளியே குதிக்கையில் வலது உலோகக் கால் சிக்கிக்கொண்டது. வார் அறுந்து கால் விமானத்தோடு போக, பாராசூட்டில் இறங்கிச் சிறைப்பட்டார். கொண்டுசென்ற இடம், தந்தையார் உயிர்நீத்த அதே செயின்ட் ஓமர். ஜெர்மானியர் இசைவளிக்க, மாற்றுக் கால் ஒன்றை ஆங்கில விமானம் வானிலிருந்து போட்டுச் சென்றது. அக்கால் வருமுன்போ பின்போ என்றெல்லாம் அவர் ஓய்ந்திருக்கவில்லை. படுக்கை விரிப்புகளை முடிந்து சன்னல் வழியே இறங்கித் தப்பினார். விரைவில் பிடிபட்டார். பின்னும் தப்ப முயலவே கோல்டிட்ஸ் கோட்டையில் அடைத்தனர். 1945 ஏப்ரலில்தான் விடுதலை.

அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் இலண்டன் வானில் ஏறத்தாழ 300 விமானங்கள் வெற்றி அணிவகுத்தன. தலைமை தாங்கிப் பறந்தவர் பேடர். பின்னாளில் உறுப்பிழந்தோரை, குறிப்பாகச் சிறுவர்களைத் தேடிச் சென்று நடந்து காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார். அத்தொண்டுக்கே 1976-இல் சர் பட்டம் பெற்றார். 1982 செப்டம்பர் 5-இல் மறைந்தார்.