பெயர் கேட்காத அன்னை

1860ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்ஸ் தேசத்து இளம்பெண் ஒருவர் நாம் இன்று வாழும் ஓக்லண்ட் நகரில் வந்திறங்கினார். பின்னாளில் நியூசிலாந்து முழுவதும் போற்றிய அன்னை சூசான் ஓபேர் அவரே.

இங்கு மாவோரிச் சிறுமியருக்குக் கல்வி புகட்டிய அவர், அம்மக்களின் மொழியையும் மூலிகை மருத்துவத்தையும் கற்றுத் தேர்ந்தார். தாயகம் திரும்புமாறு பணிக்கப்பட்டபோதும் அவர் இந்நாட்டை விட்டகலவில்லை. 1883இல் வங்கானுயி ஆற்றங்கரையிலுள்ள ஜெருசலேம் கிராமத்துக்குச் சென்றார். அங்கே 1892இல் துறவியர் சபையொன்றை நிறுவினார்.

மணமாகாத தாய்மாரின் குழந்தைகளையும் அவர் ஏற்று வளர்த்தார். அத்தாய்மாரின் பெயர்களை வெளியிட உறுதியாக மறுத்தார். அக்காலத்திற் பலர் அக்குழந்தைகளையே பாவத்தின் சின்னமாக நோக்கினர். அன்னை பாவத்துக்குத் துணைபோகிறார் என்ற பழியும் எழுந்தது. திருச்சபைக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. எழுபது வயதைக் கடந்திருந்த அவர் 1913இல் ரோமாபுரிக்குப் பயணமானார். 1917இல் அவரது சபைக்குப் பாப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது.

பாவம் மனிதனை இறைவனிடமிருந்து பிரிக்கிறது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. அன்னையும் அதனை மறுத்தாரல்லர். எனினும் பாவி என்று ஒதுக்கப்பட்டோரை விட்டு விலகி நிற்பதைத் தூய்மை என அவர் கொள்ளவில்லை. அவர்களின் மானங் காப்பதையே இறைபணியாகக் கொண்டார்.

1926 ஒக்டோபர் 1ஆம் நாள் வெலிங்டனில் அவர் மறைந்தார். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

கடல் கடந்து வந்தபின்னும் ஊர்வாய்க்கு அஞ்சித் தம் பிள்ளைகளையே ஒதுக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அன்னையின் வாழ்வு எம்மவர் சிந்தனைக்குரியது.