கசப்பு மரம் தேடிய மார்க்கம்

ஊட்டிக்கு வந்த கொயினாச் செடியின் கதை

ஜின் டானிக் என்று ஒரு மதுபானம் உண்டு. வெளிநாட்டு ஹோட்டல்களில் பெயர் பெற்றது. அதில் உள்ள கசப்பு, மலேரியா மருந்தான கொயினாவின் கசப்பு!

அந்த மருந்து மரத்தை நீலகிரியில் வளர்க்கப் பாடுபட்டவர் கிளமெண்ட்ஸ் மார்க்கம்.

பாதிரியார் மகன்

மார்க்கம் 1830-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். 1844-ல் சிறுவனாகவே கடற்படையில் சேர்ந்த மார்க்கம், 1851-ல் விலகினார். பெரு நாட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு லண்டனில் இந்திய சர்க்கார் வேலைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் அமர்ந்தார்.

அப்போது இந்தியாவில் குளிர் காய்ச்சல் ஏராளமான உயிர்களைக் குடித்தது. தென் அமெரிக்க மலைகளில் வளரும் சின்கோனா மரப்பட்டைதான் மருந்து. அதன் விலையோ மிக அதிகம். மரத்தை இங்கேயே வளர்த்தால் ஏழைக்கும் மருந்து கிடைக்கும் என்று மார்க்கம் யோசனை சொன்னார். சர்க்கார் அவரையே அனுப்பியது.

செடிகள் பட்டன

1860-ல் பெருவின் காடுகளில் அலைந்து செடிகளைச் சேகரித்தார். செடி வெளிநாடு போனால் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று உள்ளூரார் தடுக்க முயன்றார்கள். அவர்கள் பயமும் நியாயமானதே. மார்க்கம் வேறு மலைப்பாதையில் தப்பித் துறைமுகம் சேர்ந்தார்.

செங்கடல் வெப்பத்தில் செடிகள் வாடின. ஊட்டிக்கு வந்தும் அவை பிழைக்கவில்லை. பட்ட பாடெல்லாம் வீண்!

ஆனால் அவர் வகுத்த திட்டம் வீணாகவில்லை. ஈக்குவடாரில் ரிச்சர்டு ஸ்புரூஸ் திரட்டிய செடிகள் 1861-ல் வந்து வேரூன்றின. ஊட்டி தாவரத் தோட்ட அதிகாரி மக்கைவர் அவற்றைப் பெருக்கினார். நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டம் எழுந்தது. பின்னாளில் தபால் நிலையங்களிலேயே காலணாப் பொட்டலமாகக் கொயினா விற்றது.

மருந்து மதுவானது

கொயினா வேப்பங்காயாகக் கசக்கும். கசப்பை மறைக்க, சர்க்கரை சேர்த்த டானிக் தண்ணீர் தயாரிக்க எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858-ல் லண்டனில் உரிமை பெற்றார். இந்தியாவிலிருந்த வெள்ளையர்கள் அதில் ஜின்னைக் கலந்தார்கள். எலுமிச்சைச் சாறும் சேர்ந்தது. அதுவே ஜின் டானிக்.

ஜின்னுக்கு மூலம் டச்சுக்காரர்களின் மது. மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தை அடுத்த பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டியவர்களும் டச்சுக்காரர்களே.

இன்றைய டானிக் தண்ணீரில் கொயினா மிகச் சிறிதளவே உண்டு. அதைக் குடித்தால் மலேரியா தீராது. மதுவோ உடலைக் கெடுக்கும்.

தீயில் முடிந்த வாழ்வு

மார்க்கம் பிற்காலத்தில் லண்டன் பூகோள சங்கத் தலைவரானார். ஸ்காட்டின் தென்துருவப் பயணத்துக்குத் துணை நின்றார். 1916-ல், 85-ஆம் வயதில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தபோது படுக்கையில் தீப்பற்றியது. மறுநாள் உயிர் பிரிந்தது.

அவர் கையால் கொண்டுவந்த செடிகள் பட்டுப்போயின. அவர் விரும்பியபடி ஏழையின் கைக்கு மருந்து மட்டும் வந்து சேர்ந்தது.