மகனுக்காகக் காத்து அடிச்ச கால்நடை டாக்டர்!

செகண்ட் ஹேண்டுல பழைய ரோடு பைக் வாங்கியிருக்கீங்களா? அரை மணி நேரம் மிதிச்சா உள்ளங்கை மரத்துப்போகுது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகு பிடிச்சுக்குதா? அதுக்காகப் புது சீட், புது ஹேண்டில்பார்னு ஆன்லைன்ல தேட ஆரம்பிக்காதீங்க பாஸ். 1887-ல இதே தொல்லையோட மல்லுக்கட்டின ஒருத்தரை முதல்ல பார்த்துட்டு வந்துடலாம்.

பேரு ஜான் பாய்டு டன்லப். ஆமா, டயர் மேல இருக்கிற அதே டன்லப்தான். ஆனா, மனுஷன் இன்ஜினீயர் இல்லை, கால்நடை மருத்துவர்! 1840-ல் ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன்ல பிறந்து, எடின்பரோவில் படிச்சு, 1867-ல் அயர்லாந்துக்குப் போனவர். பெல்ஃபாஸ்ட் நகரத்துல நல்லா ஓடின பிராக்டிஸ்.

அவர் பையன் ஜானிகிட்ட ஒரு மூணு சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்துல சக்கரத்துக்குக் கெட்டி ரப்பர்தான். பெல்ஃபாஸ்ட் தெருவெல்லாம் கல்லு பதிச்சது. பையன் பாடு திண்டாட்டம். அப்பா ரப்பர் ஷீட்டை ட்யூபா ஒட்டி, வட்டமான மரப்பலகையைச் சுத்தி வெச்சு, மேல துணி சுத்தி ஆணி அடிச்சார். ஃபுட்பால் பம்ப்பால காத்து அடிச்சார். வீட்டு முற்றத்துல அந்தப் பலகையையும் பையனோட பழைய சக்கரத்தையும் உருட்டி விட்டார். பழசு பாதியிலேயே சாஞ்சுடுச்சு. காத்து அடைச்சது முற்றத்தைத் தாண்டிப் போய் கேட்ல மோதித் திரும்பி வந்தது!

மெத்துனு இருந்தா மெதுவாத்தானே போகணும்? இல்லையே! கெட்டியான சக்கரம் ஒரு கல்லு மேல ஏறினா வண்டி, ஆள் எல்லாத்தையும் தூக்கிப் போடும். நீங்க மிதிச்ச பலம் அதுல வீணாகும். காத்து டயரோ கல்லு பட்ட இடத்துல மட்டும் அமுங்கி, சட்டுனு பழைய நிலைக்கு வந்துடும்.

இப்ப உங்க வண்டிக்கு வாங்க. 23 மி.மீ. டயர்ல 110 பி.எஸ்.ஐ. அடிச்சு ஓட்டினா, கிட்டத்தட்ட ஜானியோட பழைய சைக்கிள் கதைதான். ஃப்ரேம்லயும் பிரேக்லயும் இடம் இருக்கானு பாருங்க. டயருக்கு ரெண்டு பக்கமும் மூணு, நாலு மி.மீ. மிஞ்சினா 28 மி.மீ. டயர் மாட்டலாம். 65-70 கிலோ எடைன்னா 75 பி.எஸ்.ஐ. பக்கம் ஆரம்பிச்சு, பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கோங்க. ரொம்பக் குறைச்சாலும் ஆபத்து. பள்ளத்துல ரிம் இடிச்சு ட்யூப் பஞ்சர் ஆகிடும்.

டன்லப்புக்கு 1888 டிசம்பர்ல பேடன்ட் கிடைச்சது. அடுத்த வருஷம் மே மாசம், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ் போட்டியில வில்லி ஹியூம் இந்த டயரோட வந்தார். ரேஸ் சைக்கிள்ல குண்டு டயரைப் பார்த்துச் சிரிச்சாங்க. நாலு ரேஸ்லயும் ஜெயிச்சது அவர்தான்!

ஆனா, சந்தோஷம் நீடிக்கலை. ராபர்ட் வில்லியம் தாம்சன்னு இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காத்து டயருக்குப் பேடன்ட் வாங்கியிருந்தது தெரியவந்தது. டன்லப்போட பேடன்ட் செல்லாமப்போச்சு. பாவம், தாம்சன் காலத்துல அதை மாட்டி ஓட்ட இந்த மாதிரி சைக்கிளே கிடையாது! ரிம், வால்வுனு மத்தவங்க பேடன்ட்களை வாங்கித்தான் கம்பெனி தாக்குப்பிடிச்சது. 1896-ல் அது 30 லட்சம் பவுண்டுக்கு விலைபோனப்ப, டன்லப் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தார். பெரிய பணம் எதுவும் அவர் கைக்கு வரலை.

பிற்பாடு நம்ம அம்பத்தூர்ல ஃபேக்டரி போடுற அளவுக்கு அந்தப் பேரு பரவுச்சு. பேருக்குச் சொந்தக்காரரோ டப்ளின்ல ஒரு ஜவுளி நிறுவனத்தைக் கவனிச்சுக்கிட்டு, 1921 அக்டோபர்ல அங்கேயே காலமானார்.