சோடா விற்ற காசில் பல் மருத்துவக் கல்லூரி!

வேடசந்தூர் வட்டாரத்தில் வேப்ப மரத்துக்குப் பஞ்சம் இல்லை. ஒரு குச்சியை ஒடித்து, பல் துலக்கிவிட்டு வயலுக்குப் போவது அந்தக் காலத்து வழக்கம். பல் வலித்தால் கிராம்பு. கிராம்புக்கும் அடங்காவிட்டால் குறடு!

பல்லைப் பிடுங்க ஆள் உண்டு. பல்லைக் காப்பாற்றும் வித்தையைச் சொல்லிக் கொடுக்க, இந்தியாவில் ஒரு கல்லூரிகூட இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர், டாக்டர் ரபியுதீன் அகமது.

பழைய வைத்தியம்

பல் வைத்தியம் மிகப் பழமையானது. சுமார் 9 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இன்று பாகிஸ்தானில் உள்ள மெகர்கர் என்ற இடத்தில், கூரிய கல்லால் பல்லைத் துளைத்து இருக்கிறார்கள். அந்தப் பற்கள் அங்குள்ள புதைகுழிகளில் கிடைத்தன.

ஆனால், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை முறையாகப் படிக்க வேண்டுமானால், கடல் கடந்துதான் போக வேண்டும். அகமதுவும் போனார்.

அமெரிக்காவில் படிப்பு

அவர் 1890 டிசம்பர் 24-ந் தேதி, கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அலிகாரில் படித்துவிட்டு, 1909-ல் அமெரிக்கா சென்றார். 1915-ல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பல் டாக்டர் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார்.

1919-ல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுதான்.

சோடாக் கடை

கல்லூரி நடத்தப் பணம் வேண்டுமே! அதற்காக அவர் ஒரு குளிர்பானக் கடை வைத்தார். "நியூயார்க் சோடா பவுண்டன்" என்பது கடையின் பெயர். அதில் கிடைத்த வருமானம் கல்லூரிக்குப் போனது.

இனிப்புப் பானம் பல்லுக்குப் பகை. அதை விற்ற காசே, பல் டாக்டர்களை உருவாக்கியது!

1925-ல் பல் மருத்துவத்துக்கு என்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1928-ல் மாணவர்களுக்குப் பாடநூல் எழுதினார். பல் மருத்துவத்தை ஒழுங்குபடுத்த, 1939-ல் வங்காளத்தில் சட்டம் வருவதற்கும் பாடுபட்டார். 1948-ல் இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது.

அள்ளிக் கொடுத்தார்

1949-ல், தான் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்காள அரசுக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். பிறகு அந்த மாநிலத்தில் மந்திரியாகவும் இருந்தார். 1964-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1965 பிப்ரவரி 9-ந் தேதி காலமானார்.

அந்தக் கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான். அவர் பிறந்த நாளைப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்வி 1953-ல் தொடங்கியது. இன்று வேடசந்தூர்க் குழந்தைக்குப் பல் வலித்தால், குறட்டுக்குப் பயந்து அழ வேண்டாம். பல்லைப் பிடுங்காமலே காப்பாற்றப் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள்.